இரண்டு மில்லிமீட்டர் நாளமும் இறுக்கிவிட்ட ஒரு முடிச்சும்: கணைய அறுவைச் சிகிச்சை குறித்த நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரப்பர்ப் பால் வெட்டியவர் அந்த அம்மையார். இரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகும் அதே தோட்டத்தில் சில காலம் உதிரிப் பழம் பொறுக்கினார். பின்னர் ஓய்வுபெற்று, பட்டணத்தில் மகள் வீட்டில் வாழ்ந்துவந்தார். அவருக்கு 61ஆம் வயதில் செய்யப்பட்ட கணையத் தலை அகற்றலையும், அதற்குப் பின் எஞ்சிய கணையத்தைக் குடலோடு தைத்த முறையையும், அந்தத் தையலில் நேர்ந்த ஒரு தவறையும் இங்கே பதிவுசெய்கிறேன். அறுவையை முன்னின்று செய்த குழுவில் நானும் ஒருவன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோய் அரிப்பில் தொடங்கியது. இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்த தாயாருக்கு வேப்பிலைக் குளியலும், கண் மஞ்சளானதும் கீழாநெல்லியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து, சிறுநீர் கோப்பி ஓ (பால் கலக்காத காப்பி) போலக் கறுத்து, மலம் களிமண் நிறத்துக்கு வெளுத்த பிறகே அரசு சுகாதார கிளினிக்குக்கு வந்தார்கள். தோட்டப் பகுதியில் காமாலையோடு ஒருவர் வந்தால் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலை முதலில் நினைப்பது முறையே. அங்கிருந்த மருத்துவ உதவியாளரும் அதைத்தான் முதலில் கேட்டார். ஆனால் காய்ச்சலும் உடல்வலியும் இல்லாத, அரிப்பும் வெளுத்த மலமும் உள்ள காமாலை பித்தம் போகும் வழி அடைபட்டதால் வருவது என்பதை அவரே உணர்ந்து, அன்றே ஈப்போ மருத்துவமனைக்கு எழுதியனுப்பினார். இந்த நிகழ்வில் காலத்தைக் காப்பாற்றிக் கொடுத்த முதல் கை அவருடையது.

காமாலையில் இரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின், லிட்டருக்கு 286 மைக்ரோமோல். கேளா ஒலிப் படத்தில் கல்லீரலுக்குள்ளும் வெளியிலும் பித்த நாளங்கள் விரிந்திருந்தன. பித்தப்பை வலியின்றிப் புடைத்திருந்தது. கல் எதுவும் இல்லை. சி.டி. படத்தில் பொதுப் பித்த நாளம் 15 மி.மீ. அகலத்துக்கு விரிந்து, கணையத் தலைக்குள் நுழைந்த சிறிது தூரத்தில் சட்டென்று முடிந்தது. கணைய நாளமோ விரியவே இல்லை. அதன் அகலம் 2 மி.மீ. மட்டுமே. பித்த நாளத்தின் கீழ்முனைப் புற்று என்ற முடிவுக்கு வருவதற்கு இந்த வேறுபாடு உதவியது. கணையத் தலையிலேயே எழும் புற்று பெரும்பாலும் இரு நாளங்களையும் சேர்த்தே அடைத்துவிடும். பித்த நாளத்தின் கீழ்முனை கணையத் தலைக்குள் ஓடுவதால், தலையையும் சேர்த்தே அகற்ற வேண்டியிருந்தது. கெட்ட செய்திக்குள் இன்னொரு கெட்ட செய்தியும் அப்போதே எங்களுக்குத் தெரிந்தது. நாளம் அடைபட்டு நாட்பட்ட கணையம் கெட்டிப்பட்டுவிடும். அதில் தையல் நிற்கும். அடைப்பே காணாத கணையம் மிருதுவாக, தன் முழு வேகத்தோடு சுரந்துகொண்டிருக்கும். அதில்தான் தையல் திசுவை அறுத்துக்கொண்டு போகும்.

பிலிருபின் 40 முதல் 250 வரை உள்ளவர்களுக்கு முன்கூட்டியே பித்தத்தை வடிப்பதைவிட நேரடியாக அறுவைக்குச் செல்வதே சிக்கல்களைக் குறைக்கிறது என்று 2010இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது. இவருக்கோ அளவு அதைத் தாண்டியிருந்தது. ஈப்போவிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு மாற்றப்படக் காத்திருந்த நாட்களில் குளிர்காய்ச்சலும் வந்துவிட்டது. ஆகவே உள்நோக்கி வழியாகப் பித்த நாளத்தில் குழாய் வைத்து, நான்கு வாரம் காத்திருந்தோம். அந்த நான்கு வாரத்தில் வைட்டமின் கே, சத்துணவு, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவை நடந்தன. ஏழு கிலோ எடை இழந்திருந்தவர் இரண்டு கிலோவைத் திரும்பப் பெற்றார்.

அறுவைக்கு முதல்நாள், ஒப்புதல் படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டார்: "தையல் போட்டா ஒட்டிக்கிடும்தானே டாக்டர்? குடலத் தைக்கிறப்ப ஒட்டுதுல்ல?" பல மருத்துவர்களும் கேட்கத் தவறும் கேள்வி அது. அதற்கு அன்று நான் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன், ஏனெனில் மீதி எல்லாம் அதிலிருந்தே கிளைக்கிறது.

குடலோடு குடலைத் தைக்கும்போது இருபுறமும் உறுதியான ஒரு படலம் இருக்கிறது. குடற்சுவரின் சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள நார்ப்படலமே தையலைத் தாங்குகிறது. கணையத்துக்கு அப்படி ஒரு படலம் இல்லை. சந்தையில் விற்கும் தௌஹூவை (மிருதுவான சோயாக் கட்டியை) நூலால் கட்டித் தூக்குவதற்கு ஒப்பான வேலை அது. நூல் எவ்வளவு மெல்லியதோ, இழுப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு விரைவில் தௌஹூ துண்டாகிவிடும். அதோடு, எஞ்சிய கணையத்திலிருந்து சுரக்கும் நீர், புரதத்தையும் கொழுப்பையும் செரிப்பதற்கென்றே உண்டானது. நொதிகள் கணையத்துக்குள் உறங்கும் நிலையில் இருக்கின்றன. குடலிலுள்ள என்டிரோகைனேஸ் பட்டதும் விழித்துக்கொள்கின்றன. இணைப்பு விட்டுப்போய்க் கணைய நீரும் குடல் நீரும் ஒன்றுசேர்ந்து வயிற்றுக்குள் கசியும்போது, அருகிலுள்ள இரத்தக்குழாயின் சுவரையே அது அரிக்கத் தொடங்குகிறது. கசிவு என்ற சிறிய சொல்லுக்குப் பின்னால் நிற்கும் பெரிய அச்சம் இதுதான்.

இந்த அச்சம் புதியதன்று. பெர்லினில் வால்டர் கௌஷ் 1909இல் இந்த அறுவையை ஒருவகையில் செய்துகாட்டினார். நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935இல் இரு கட்டங்களாகச் செய்து வெளியிட்டார். ஆனால் அந்தத் தொடக்க முறையில் எஞ்சிய கணையத்தை விப்பிள் குடலோடு இணைக்கவில்லை, கட்டி மூடினார். இணைத்தால் பிரிந்துவிடும் என்ற நிலையில், செரிமான நொதிகளை இழப்பதே மேல் என்று கருதப்பட்ட காலம் அது. அன்றைய கேட்கட் இழையும் உயிரினப் புரதத்தால் ஆனதாகையால் கணைய நீரில் கரைந்துபோகும். இன்று நாம் பயன்படுத்தும் பி.டி.எஸ். என்னும் பாலிடயாக்சனோன் ஒற்றை இழை, நாலைந்து வாரம் வரை தன் வலிமையில் பாதியையாவது தக்கவைத்து, ஆறு மாதங்களில் கரைகிறது. விக்ரில் இழை கணைய நீரும் பித்தமும் கலந்த சூழலில் விரைவாக வலுவிழக்கிறது. அது பல இழைகளைப் பின்னியதாகையால் மிருதுவான திசுவை ரம்பம்போல் அறுக்கவும் செய்கிறது. இந்தக் காரணத்தால் எங்கள் பிரிவில் அதைக் கணையத்தில் தொடுவதில்லை.

அறுவை மேசையில்

கசிவு வாய்ப்பைக் கணிக்க 2013 முதல் பயன்பாட்டில் உள்ள ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மிருதுவான கணையத்துக்கு 2, கணையப் புற்றோ நாட்பட்ட கணைய அழற்சியோ அல்லாத நோய்க்கு 1, நாள அகலத்துக்கு 0 முதல் 4 வரை, இரத்த இழப்புக்கு 0 முதல் 3 வரை என்று மொத்தம் 10. இவருக்கு மிருதுத்தன்மைக்கு 2, நோய்க்கு 1, இரண்டு மி.மீ. நாளத்துக்கு 3, சிரையோடு ஒட்டியிருந்த கணையக் கொக்கிப் பகுதியைப் பிரிக்கும்போது ஏறத்தாழ 600 மி.லி. இரத்தம் போனதால் இன்னொன்று. ஆக 7. அதாவது உயர் ஆபத்துப் பிரிவின் வாசற்படி.

கணையக் கழுத்தை, அடியில் ஓடும் சிரையைக் காத்து, கத்தியால் வெட்டினோம். மின்கத்தியைப் பயன்படுத்தினால் இரத்தக்கசிவு குறையும்; ஆனால் இரண்டு மி.மீ. நாளத்தின் வாயைச் சுட்டுவிட்டால் பிறகு அதைக் கண்டுபிடிப்பதே போராட்டமாகும். ஆகவே நாளம் இருக்கும் நடுப்பகுதியைக் குளிர்ந்த கத்தியால் வெட்டி, இரத்தம் கசியும் புள்ளிகளை 5-0 அளவுள்ள (எண் கூடக் கூட இழை மெலியும்) புரோலீன் என்னும் கரையாத இழையால் ஒவ்வொன்றாகக் கட்டினோம். வெட்டுப் பரப்பில் இரத்தம் சிவப்பாகக் கசிகிறதா என்று நின்று பார்த்தோம். கழுத்துப் பகுதி இரண்டு இரத்த ஓட்டங்களின் எல்லையில் இருக்கிறது. வெளுத்த பரப்பில் எந்தத் தையலும் ஆறாது. இங்கே கசிவு நன்றாகவே இருந்தது. அடியிலுள்ள மண்ணீரல் சிரையிலிருந்து கணையத்தை இரண்டு செ.மீ. தூரம் விடுவித்தோம். பின்பக்கம் ஊசி செல்ல இடமில்லாமல் போட்ட தையலே பெரும்பாலும் கிழிகிறது என்பது என் அனுபவம்.

அடுத்து, தைக்கும் முறை. எங்களுக்குள் நடந்த பேச்சில் இரண்டு வழிகள் எஞ்சின. ஒன்று, வெட்டுப்பட்ட கணைய முனையை அப்படியே குடலுக்குள் செருகித் தைப்பது. அமெரிக்காவில் 2009இல் வெளியான இரு மையங்களின் ஆய்வில், நாளத்தையும் குடற்சளிச்சவ்வையும் தைத்தவர்களில் 24 விழுக்காட்டினருக்கும், செருகித் தைத்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் கசிவு ஏற்பட்டது. இந்த எண்ணைப் பார்த்தால் செருகுவதே மேல் என்று தோன்றும். ஆனால் இவருடைய கணைய முனை பருமனாக இருந்தது. குடலின் வாயோ சிறியது. பருத்த மிருதுவான முனையை ஒடுங்கிய குடலுக்குள் நுழைப்பது, அதைப் பிழிவதற்குச் சமம்.

மற்றொன்று, லெஸ்லி பிளம்கார்ட்டின் பெயரால் அழைக்கப்படும் முறை. இதில் கணையத்தின் முழுத் தடிமனையும் ஊடுருவும் யூ வடிவத் தையல்கள் வெளியில் தாங்கிநிற்க, உள்ளே நாளமும் சளிச்சவ்வும் தனியாகத் தைக்கப்படுகின்றன. வெளித்தையலின் இழுப்பு கணைய விளிம்பின்மேல் குறுக்காக விழாமல், முன்பின் திசையில் பரவுவதே இதன் சிறப்பு. ஜப்பானின் நாகோயாவில் இதை மாற்றியமைத்து, முடிச்சைக் கணையத்தின்மேல் போடாமல் முன்புறக் குடற்சுவரின்மேல் போடும் வழியை வகுத்தார்கள். அங்கிருந்து 2014இல் வந்த முடிவுகள் வியக்கத்தக்கவையாக இருந்தன. ஆனால் அது பழைய நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு. அதே வகைத் தையலைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு வாகாயாமாவிலிருந்து 2019இல் வந்த ஆய்வும், பிரிட்டனில் பிளம்கார்ட் முறையைக் கேட்டெல்–வாரன் என்னும் மற்றொரு தையல் முறையோடு ஒப்பிட்ட பனாஸ்டா ஆய்வும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதையும் காட்டவில்லை. இரைப்பையோடு இணைக்கும் முறைக்கும் இதே கதைதான்: 2013இல் பெல்ஜியத்தில் அதில் கசிவு 8 விழுக்காடு, குடலோடு இணைத்ததில் 20 விழுக்காடு என்று வந்தது, 2016இல் ஜெர்மனியின் பதினான்கு மையங்கள் சேர்ந்து பார்த்தபோது 20, 22 என்று சமமாகிவிட்டது. முறைகளின் பெயரை வைத்து மாநாடுகளில் வாதிடுவோரைக் காணும்போது எனக்குச் சற்றுச் சலிப்பு ஏற்படுவதை மறைப்பதற்கில்லை. ஒவ்வொரு முறையையும் கண்டவர் கையில் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது; அடுத்தவர் கைக்கு மாறும்போது எது விட்டுப்போகிறது என்பதைத்தான் நாம் எழுதி வைப்பதில்லை.

நாங்கள் பிளம்கார்ட்டின் மூல முறையைத் தேர்ந்தோம். கணைய நாளத்துக்குள் 5 பிரெஞ்ச் அளவுள்ள (மூன்று பிரெஞ்ச் ஒரு மி.மீ.) குழாயைப் பாதுகாப்புக்காக நுழைத்துப் பார்த்தோம். இறுக்கமாக இருந்ததால் அதைவிட மெல்லிய 4 பிரெஞ்ச் குழாய்க்கு மாறினோம். வெளித்தையலின் ஊசி தெரியாமல் நாளத்தைக் குத்திவிடாமல் இருக்க இந்தக் குழாய் வழிகாட்டுகிறது. 3-0 புரோலீனின் வளைந்த ஊசியைச் சற்று நிமிர்த்திக்கொண்டு, கணையத்தின் முன்பரப்பிலிருந்து, வெட்டு விளிம்புக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகத் தள்ளி, நேராகப் பின்பரப்புக்குச் செலுத்தினோம். பின்புறக் குடற்சுவரில் சளிச்சவ்வைத் தொடாமல் கிடைமட்டமாக ஒரு பிடி எடுத்து, மீண்டும் பின்னிலிருந்து முன்னுக்கு வந்தோம். இப்படி நான்கு. ஊசியை நிமிர்த்துவது சின்ன விஷயம்போலத் தோன்றும். வளைந்த ஊசியை மணிக்கட்டால் திருப்பும்போது அதன் பின்முனை திசுவை விரித்துக் கிழிக்கிறது. நேராகத் தள்ளி நேராக வாங்கினால் துளை, ஊசியின் அளவிலேயே நிற்கிறது.

பிறகு உட்தையல். குடலில் இரண்டு மி.மீ. அளவே துளையிட்டு, அதன் சளிச்சவ்வு வெளியே பிதுங்கிவிடாதபடி 6-0 இழையால் நான்கு திசையிலும் பிடித்துவைத்தோம். 2.5 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியோடு, 6-0 பி.டி.எஸ். இழையில் ஏழு தையல்கள்: கடிகார முகத்தை நினைத்துக்கொண்டு பின்பக்கம் மூன்று, முன்பக்கம் நான்கு. எல்லாவற்றையும் முடிச்சிடாமல் வரிசையாகக் கிளிப்பில் வைத்திருந்தோம். இந்த நிலையில், மூல முறைப்படி, வெளித்தையல்களைக் கணையத்தின்மேலேயே முதலில் முடிச்சிட்டு, கணையமும் குடலும் நெருங்கிய பின் உட்தையல்களை இழுப்பின்றிக் கட்ட வேண்டும்.

கீழ் விளிம்பிலிருந்த முதல் முடிச்சைப் பயிற்சி மருத்துவர் கட்டினார். அவர் கையை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது சுற்று விழுந்தபோது இழைக்குக் கீழே கணையம் வெளுத்தது. மூன்றாவது சுற்றில் இழை மூன்று மி.மீ. ஆழத்துக்கு உள்ளே இறங்கிவிட்டது. தௌஹூவில் நூல் இறங்கும் அதே ஓசையற்ற இறக்கம். அந்தக் கீறலிலிருந்து இரத்தமும், அதனூடே தெளிந்த நீரும் வந்தன. பிழை அவருடையதென்று சொல்வதற்கில்லை. இரண்டாவது சுற்றில் வெளுத்ததைக் கண்டபோதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பால் வெட்டும் வேலையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. கத்தி பட்டையோடு நின்றால் பால் வரும். ஒரு மயிரிழை ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிப் பிறகு வெட்டுக்கு உதவாது. அந்த ஆழத்தை மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) சொல்லிக்கொடுக்க முடியாது. வெட்டுபவரின் கையே அறிய வேண்டும். முப்பதாண்டு அந்த அளவைக் கையில் வைத்திருந்தவர் மேசையில் மயங்கிக் கிடக்க, நாங்கள் அவர் கணையத்தில் அதே அளவைத் தவறவிட்டோம் என்ற எண்ணம் அப்போது வந்துபோனது.

அந்தத் தையலை வெட்டியெடுத்தோம். கீறலை இறுக்கித் தைத்து மூட முயல்வது இரண்டாவது தவறாகும். ஈரத் துணியால் ஐந்து நிமிடம் மெதுவாக அழுத்தி, இரத்தம் நின்ற பின் அப்படியே விட்டோம். உட்தையல்கள் இன்னும் முடிச்சிடப்படாமல் இருந்ததால் குடலைத் தள்ளிப்பிடித்துப் பின்பரப்பை அடைய முடிந்தது. இரண்டு விளிம்பும் அகலமாகப் பிடிபடும்படி, கீறலிலிருந்து ஐந்து மி.மீ. விலகிப் புதிய யூ தையலைச் செலுத்தினோம். அதன் பிறகு முறையையே மாற்றினோம். எந்தத் தையலையும் கணையத்தின்மேல் முடிச்சிடவில்லை. உதவியாளர் நான்கு இழைகளையும் விரலால் மெல்ல இழுத்துக் கணையத்தைக் குடலோடு சேர்த்துப்பிடித்திருக்க, நாளத்தின் பின்வரிசையை முடிச்சிட்டு, 4 பிரெஞ்ச் குழாயைக் குடலுக்குள் செல்லும்படி வைத்து, முன்வரிசையை முடித்தோம். பின்னர் ஒவ்வொரு வெளி இழையையும் முன்புறக் குடற்சுவரில் ஒரு பிடி எடுத்து, குடல் கணைய முனையின்மேல் போர்வைபோல் கவிழும்படி, குடலின்மேலேயே முடிச்சிட்டோம். குடற்சுவரில் நார்ப்படலம் இருக்கிறது. முடிச்சின் அழுத்தத்தை அது தாங்கும். குடல் கணையத்தைத் தொடுகிறதா என்பதே எங்கள் அளவுகோல், இறுகுகிறதா என்பதன்று. இழைக்கடியில் ஒரு சிறு இடுக்கியின் நுனி நுழையும் அளவு தளர்வு விட்டோம்.

இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இரத்தம் கொண்டுசெல்லும், வெட்டிக் கட்டிய காஸ்ட்ரோடியோடினல் தமனியின் முனையைக் கல்லீரலின் அரிவாள் நாணால் சுற்றி மூடினோம். இணைப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு வடிகுழாய்கள். பித்த நாளமும் இரைப்பையும் வழக்கப்படி இணைக்கப்பட்டன; அவற்றில் சொல்வதற்கு எதுவுமில்லை.

வடிகுழாயின் நாட்குறிப்பு

தமனி முனையை மூடியதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்தைச் சேர்ந்த, செம்பனைக் குலை லோரி ஓட்டும் ஒருவர், இதே அறுவை முடிந்து வீடு திரும்பியிருந்தார். அவருடைய கணையமும் மிருதுவானது. பதினேழாம் நாள் வடிகுழாய்ப் பையில் இரண்டு தேக்கரண்டி இரத்தம் தெரிந்தது, தானாகவே நின்றது. வீட்டார் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. நாங்கள் எழுதிக்கொடுத்த தாளிலும் அதைப் பற்றித் தெளிவாக ஒரு வரி இல்லை. மறுநாள் இரவு பெருக்கெடுத்த இரத்தம் அவரை மருத்துவமனை வந்துசேர விடவில்லை. கணைய நீர் அரித்த தமனி முனையில் உருவாகும் போலிப் புடைப்பு, வெடிப்பதற்கு முன் இப்படிச் சிறிதாக ஒருமுறை கசிந்து எச்சரிப்பது நன்கு அறியப்பட்டது. அந்த எச்சரிக்கைக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள மணிகளுக்குள் சி.டி. இரத்தக்குழாய்ப் படம் எடுத்து, தொடைத் தமனி வழியே சென்று கம்பிச்சுருளாலோ உறையிட்ட குழாயாலோ அடைத்துவிட முடியும். ஆனால் நகரத்துக்குள் இருப்பவருக்கு அந்த மணிகள் போதும். தோட்டத்துச் செம்மண் பாதையின் முடிவில் இருப்பவருக்கு, யாராவது பையைப் பார்த்துப் புரிந்துகொண்டால் மட்டுமே போதும்.

அம்மையாருக்கு முதல் நாள் வடிநீரில், கணைய நொதியான அமைலேஸ் 6,400 அலகு. இரத்தத்தில் இயல்பின் மேல்வரம்பு 100. முதல் நாளில் 5,000க்கும் கீழ் இருந்தால் மூன்றாம் நாளே வடிகுழாயை எடுத்துவிடலாம் என்பது வெரோனாவிலிருந்து 2010இல் வந்த ஆய்வின் முடிவு. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். இவருக்கு அது பொருந்தவில்லை. மூன்றாம் நாள் 1,900. ஐந்தாம் நாள் 820. மேல்வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டியதால் கசிவு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நீர் தெளிவாக இருந்தது, காய்ச்சல் இல்லை, வெள்ளணுக்கள் உயரவில்லை, நாளுக்கு அறுபது மி.லி.க்குமேல் வரவில்லை. எட்டாம் நாள் எடுத்த சி.டி. படத்தில் தேங்கிய நீர் எதுவும் இல்லை, தமனி முனையும் ஒழுங்காக இருந்தது. கணையச் சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியை ஐந்து நாள் கொடுத்திருந்தோம். அதன் பயன் குறித்து ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பாசிரியோடைடு மருந்தே 2014ஆம் ஆண்டு ஆய்வில் கசிவு, சீழ் போன்ற சிக்கல்களை 21 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறைத்தது. கஞ்சியும் மைலோவும் நான்காம் நாள் தொடங்கி, ஏழாம் நாள் மீன் சோற்றுக்கு வந்துவிட்டார்.

முன்பக்கக் குழாயை ஒன்பதாம் நாள் எடுத்தோம். பின்பக்கக் குழாயோடு பன்னிரண்டாம் நாள் அவரைச் சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பினோம். அனுப்பலாமா என்று எங்களுக்குள் ஒரு நாள் முழுதும் வாதம் நடந்தது. எங்கள் மருத்துவமனையிலிருந்து இருநூறு கி.மீ.க்கு அப்பால் இருக்கும் வீட்டுக்குக் குழாயோடு அனுப்பக் கூடாது என்றவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அவர் வீட்டிலிருந்து ஈப்போ முப்பது கி.மீ. அளவுதான், அங்கு இரத்தக்குழாய்ப் படம் எடுக்கும் வசதிக்கு முன்கூட்டியே எழுதி, பெயர் சொன்னால் போதும் என்ற ஏற்பாட்டை வாங்கிக்கொண்டோம். இந்த முறை தாளைத் தமிழிலேயே எழுதினேன். முதல் வரி: "பையில் இரத்தம் ஒரு சொட்டு தெரிந்தாலும், நின்றுவிட்டாலும், அந்த நிமிடமே கிளம்புங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்." மற்றவை எல்லாம் அதற்குக் கீழே.

மகள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அளந்து எழுதினார். கிளினிக்கிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்த தாதி அதைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்பினார். அம்மையாருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கிறது. "மங்குல பால எடுத்துக்கிட்டுப் போயி ஸ்டோருல நிறுக்கிறோம்ல, அதே கணக்குதான் மிஸ்ஸி. கிராணிதான் என் மக," என்றாராம். (மிஸ்ஸி என்பது தாதி; கிராணி, தோட்டத்துக் கணக்கர்.) நிறத்தை எழுதும் பத்தியில் மகள் முதல் நாள் "தண்ணி மாதிரி" என்று எழுதி, பிறகு எல்லா நாளும் அதற்குக் கீழே இரட்டைக் குறி மட்டும் போட்டிருந்தார். நிறம் மாறவே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவக் குறிப்பும் எனக்குச் சொன்னதில்லை.

பதினெட்டாம் நாள் ஈப்போவில் எடுத்த மாதிரியில் அமைலேஸ் 210. அளவு ஐந்து மி.லி. பத்தொன்பதாம் நாள் குழாயை உருவினோம்.

2005இல் வகுக்கப்பட்டு 2016இல் திருத்தப்பட்ட பன்னாட்டு வரையறைப்படி, குழாய் மூன்று வாரத்துக்குமேல் இருந்திருந்தால் இது பி நிலைக் கணையப் புரை (கணைய நீர் தொடர்ந்து வெளியேறும் தனிவழி). அதற்கு முன்பே எடுத்துவிட்டதால் வெறும் உயிர்வேதிக் கசிவு, அதாவது புரை என்றே கணக்கில் வராதது. மாதிரி எடுக்கும் நாள் மூன்று நாள் தள்ளிப்போயிருந்தால் எங்கள் பிரிவின் ஆண்டுக் கணக்கில் ஒரு எண் கூடியிருக்கும். அம்மையாரின் வயிற்றுக்குள் எதுவும் மாறியிருக்காது. ஒரு மையத்தின் எண்களை இன்னொரு மையத்தின் எண்களோடு ஒப்பிடுவோர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த நிகழ்வை வெற்றி என்று முன்வைக்கவும் நான் தயங்குகிறேன். கிழிந்த இடத்திலிருந்துதான் கசிந்ததா, அல்லது கிழியாமலிருந்தாலும் இதே அளவு கசிந்திருக்குமா என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கிழிந்த கணையத்தை இறுக்கித் தைக்காமல் விட்டதாலும், முடிச்சைக் குடலுக்கு மாற்றியதாலும் நிலைமை மோசமாகவில்லை.

திசு ஆய்வில் பித்த நாளக் கீழ்முனைப் புற்று உறுதியானது. வெட்டு விளிம்புகளில் புற்று இல்லை. நிணநீர்க் கணுக்களிலும் இல்லை. கேப்பசிட்டபின் என்னும் புற்று எதிர்ப்பு மாத்திரை ஆறு மாதத்துக்குத் தொடங்கப்பட்டது. எங்கள் பிரிவில் அன்றிலிருந்து மிருதுவான கணையத்தில் முதல் தையலிலிருந்தே முடிச்சு குடலின்மேல்தான். பயிற்சி மருத்துவர்கள் முதலில் ஈரப் பஞ்சில் யூ தையல் போட்டு, பஞ்சு அமுங்காமல் முடிச்சிடப் பழகுகிறார்கள். அன்று முடிச்சிட்டவரே இப்போது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது அம்மையார் இழந்த எடையில் நான்கு கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார். மலத்தில் எண்ணெய் மிதப்பதாகக் குறைப்பட்டார். கேட்டுப் பார்த்ததில், நாங்கள் கொடுத்த கணைய நொதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே, சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று என்று மாற்றிச் சொன்னோம். அடுத்த வாரமே தாதி தொலைபேசியில் செய்தி சொன்னார்: எண்ணெய் நின்றுவிட்டது; நோட்டில் மகள் அதற்கும் ஒரு பத்தி போட்டு எழுதிவருகிறாராம்.